பதினாறு சுவிட்சு

மண்டபத்து மீன் ஆய்வு நிலையத்தில்
குளிர்சாதனம் இருந்தது அதன் அறைக்கு மட்டும்.
எங்களுக்கு இல்லை. மீனுக்கும் இல்லை.

காலையில் அதை எழுப்ப வேண்டும்.
பதினாறு சுவிட்சு, மேலே கீழே மேலே கீழே,
வரி முடிந்ததும் ஒரு தட்டு.
பதினான்கு வரி. பதினோராவதில் பிசகினால்
மறுபடி முதலிலிருந்து.
சீனி இபுறாகீம் பார்க்காமலே போடுவார்,
இடது கையில் டீ.

ஏழாவது விளக்கு எரியாது.
பல்பு ஐதராபாத்திலிருந்து வருகிறது, வருகிறது என்று
இரண்டு வருஷம்.
எரியாததையும் சேர்த்தே படித்தோம்.

சோளகம் வீசினால் உப்பு உள்ளே வந்துவிடும்.
அட்டைகளைக் கழற்றி, பொன் பூசிய பற்களைப்
பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பேன்.
தூளில் பச்சைக் களிம்பு.

காகித நாடாவில் குத்திய பொட்டுகள்
சாயங்காலம் வரை என் கொண்டையில்.
கல்யாண வீட்டிலிருந்தா வர்றீக, என்றாள்
பாம்பன் ரயிலில் ஒருத்தி.

இன்று ஏடிஎம்மில் நாலே நாலு எண்.
மறந்து நிற்கிறேன், பின்னால் யாரோ இருமுகிறார்.
அந்தப் பதினான்கு வரியைக் கேளுங்கள்,
விரல் சொல்லும்.

கழித்துக் கட்டிய அன்று
உச்சிப்புளி வியாபாரி தராசோடு வந்தார்.
நினைவகம் முழுக்கக் கம்பியில் கோத்த வளையங்கள்;
மின்சாரம் போனாலும் மறக்காது.
கடைசி மாதத்துச் சூடை, பாறை,
கூட்டி முடிக்காத ஓரா
எல்லாம் அதற்குள்தான் கிடந்தன.
சொல்ல வாயெடுத்தேன்.

நூற்றுப் பன்னிரண்டு கிலோ
என்று எழுதிக்கொண்டார்.