ஸ்டெப்னிக் குழி

பெரியபட்டினம் போய்ச் சேர்ந்தபோதே
பானெட் சூடாக இருந்தது.
"இப்பத்தான் அசர் தொழுதுட்டு வந்தேன்" என்றார் சீனிநைனா.
பள்ளிவாசல் அவர் வீட்டுச் சுவரை ஒட்டி நின்றது.

குருசு என்னைப் பார்த்தான்.
பாம்பன் வள்ளங்களின் எஞ்சினுக்குக்
காது கொடுத்தே வயிறு வளர்த்தவன்.
"ஆறட்டும். குளிர்ந்து எழும்பும்போதுதான்
டீசல் உண்மை பேசும்"
என்று உடைமரத்தடியில் குந்தி பீடி பற்றவைத்தான்.

ஆறும்வரை சர்வீஸ் புத்தகம் படித்தேன்.
ஐயாயிரத்துக்கு ஒரு முத்திரை, தவறாமல்,
நகை அடகுச் சீட்டு மாதிரி பத்திரமாக.
அறுபத்தோராயிரத்து இருநூற்று நாற்பதில் கடைசி.
அப்புறம் வெள்ளைத் தாள்.
ஒரு பக்கத்தில் பென்சிலால் பாதி ஃபோன் நம்பர்.

மீட்டரில் எழுபத்தொன்பதாயிரத்து அறுநூற்றுப் பத்து.
"ஓட்டவே இல்ல தம்பி, ரெண்டு வருசமா நின்னது நின்னபடி."
நின்ற வண்டிக்கு நாலு டயரும் வழுக்கையாகுமா?
"மீட்டரத் திருப்பியிருக்காங்க"
குருசு புகையோடு சொன்னான், அவருக்குக் கேட்கும்படி.
அவர் கோபப்படவில்லை.
உள்ளே போய் டீ எடுத்துவந்தார்,
ஆடை படிந்த டீ, தானே போட்டது போல.

நண்டு எடுத்து அனுப்புகிறவன் நான்.
கையில் தூக்கினாலே சதையா தண்ணியா தெரியும்.
காரை எங்கே பிடித்துத் தூக்க?
மேட்டைக் கிளப்பினேன்:
கச்சான் தின்ற தகடு, சுண்டுவிரல் போகும் ஓட்டை.
எட்டாயிரம் குறைக்கலாம் என்று
மனசு ஓரத்தில் எழுதிக்கொண்டது.
டிக்கி திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினேன்.

அடியில் ஒரு பாலிதீன் பை.
ரப்பர் பேண்டு போட்ட மஞ்சள் சீட்டுகள்,
மதுரை ஆஸ்பத்திரி ஒன்றின் பார்க்கிங்.
இருபது ரூபாய், இருபது, இருபது,
நடுவில் எங்கோ முப்பதாகியிருந்தது.
தேதிகள் ஏழு ஏழு நாளாகத் தாவின.
எதைக் கண்டாலும் எண்ணுகிற கை இது, எண்ணியது.
அறுபத்து மூன்று.

போக வர இருநூற்று எழுபது கிலோமீட்டர்.
மணலில் விரலால் பெருக்கினேன்: பதினேழாயிரத்துப் பத்து.
கடைசி முத்திரையோடு கூட்டினேன்.
இன்னும் ஆயிரத்து முந்நூற்று அறுபது இடித்தது.
கீழக்கரை மருந்துக்கடை, உச்சிப்புளியில் டீசல்,
அதற்குச் சரியாகப் போயிருக்கும்.

மீட்டர் பொய் சொல்லவில்லை.
மணலைக் காலால் அழித்தேன்.
பையை எடுத்த இடத்தில் வைத்து
டயரை மேலே போட்டேன்.

இருட்டும்போது குருசு சாவி திருகினான்.
ஹீட்டர் விளக்கு அணையப் பொறுத்தான்.
ஒரு செருமல், கொஞ்சம் வெள்ளைப் புகை,
பிறகு நிதானம்.
"டைமிங் பெல்ட் மாத்தவே இல்ல. அறுந்தா எல்லாம் போச்சு.
மத்தபடி நல்ல நெஞ்சு."

இரண்டு லட்சத்துப் பத்து என்றார்.
எல்லாம் தெரிந்த பிறகும் என் வாய்
தரை ஓட்டையைப் பற்றிப் பேசியது.
எட்டாயிரம் குறைத்தேன். பெல்ட்டுக்கு ஆகும் என்றேன்.
ஆகும்தான்.
அவர் பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டார்.
சாவியைத் தரும்போது மட்டும்,
"இடதுபக்க சீட்டு நிமிராது தம்பி.
சாய்ஞ்சபடிதான் கெடக்கும்."

"நூறு ரூபா ஸ்பிரிங்" என்கிறான் குருசு, பார்க்கும்போதெல்லாம்.
சாய்ந்த சீட்டில் தெர்மாகோல் பெட்டி தோதாக உட்காருகிறது,
இருக்கட்டும் என்கிறேன்.

பெல்ட் மாற்றிய அன்று புத்தகத்தை நீட்டினேன்.
அவனிடம் ஏது முத்திரை?
கிரீஸ் பெருவிரலை ஓங்கினான்.
"மூணு பக்கம் விட்டு வை."
"ஏன், இது சும்மாத்தானே இருக்கு?"
"விட்டு வை" என்றேன்.