பூட்டிய அலமாரி

முதல் வாரம் நூற்றுப் பதினாறு படங்கள்.
எண்பதில் கூண்டுக் கம்பி மட்டும் துல்லியம்,
பின்னால் பிப்புரி
ஒரு மஞ்சள் கறை.

ஔலுவின் டிசம்பர்ப் பகல்
பூட்ஸ் கழற்றாத விருந்தாளி:
பத்தரைக்கு வரும், இரண்டுக்கெல்லாம் கிளம்பிவிடும்.
"ஃபிளாஷ் மட்டும் வேண்டாம் டூலிக்கி, மிரளும்"
என்றான் பழைய லென்ஸை என் தலையில் கட்டிய யோர்மா.
கூண்டை ஜன்னலோரம் நகர்த்தி
கதவைத் திறந்துவிட்டு
அதன் கண் மட்டத்துக்கு மண்டியிட்டேன்.
கறுப்பு வட்டத்தைக் கண்டதும்
கொண்டை விறைக்க
திரைச்சீலைக் கம்பிக்குப் பறந்தது.

அப்புறம் ஒன்பது நாள் படமே எடுக்கவில்லை.
கேமராவை மேஜையில் கிடத்தி
பக்கத்தில் ஒரு தினைக்கதிர்.
மூன்றாம் நாள் வாரைக் கொத்தியது.
ஏழாம் நாள் மேலேறி நின்று
எச்சமிட்டது.
நட்பு என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் கிடைத்தது
வால், பாதி இறக்கை,
தெளிவாக என் காப்பிக் கோப்பை.

நேற்றிரவு வேலை முடிந்து வந்து
கம்பளிச் சட்டையைத் தலைவழியே உருவும்போது
இருட்டுக் கூண்டிலிருந்து
க்ளிக்.

கேமரா பையில்.
பை, பூட்டிய அலமாரியில்.

க்ளிக், க்ளிக்.

அசையாமல் நின்றேன்
சட்டை பாதி முகத்தில் இருக்க.
ஒன்றாவது நன்றாக விழட்டும்.