பதினைந்து கம்பங்கள்

ட்ரெலியூவிலிருந்து தெற்கே இறங்கினால்
மூன்றாம் எண் நெடுஞ்சாலையில்
திருப்பம் என்று ஒன்று வர
நாற்பது நிமிடம் ஆகும்.
அதுவரை காற்று, முட்புதர், கம்பிவேலி,
வேலிக்கு அப்பால் எப்போதாவது
கழுத்தைத் தூக்கிப் பார்க்கும் ஒரு குவானக்கோ.
பார்க்க ஒன்றுமில்லை என்பார்கள்.
அதனால்தான் கீழே பார்க்கிறார்கள்.

மிச்சத்தை இழுத்துவருவது என் வேலை.
லாரிக் கதவில் இன்னும் என் கணவன் பெயர்:
அன்செல்மோ வென்சுல், இழுவைப் பணி, இரவும் பகலும்.
அவன் முதுகு போனபின் ஸ்டியரிங் என் கைக்கு வந்தது.
பெயரை அழிக்கப் பெயிண்ட் வாங்க வேண்டும் என்று
பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.
குடித்தவன் வளைந்து வளைந்து போயிருப்பான்.
தூங்கியவன் மெல்லச் சரிந்து சரளையில் இறங்கியிருப்பான்.
குவானக்கோ குறுக்கே வந்திருந்தால்
தாரில் கறுப்பாய் இரண்டு கோடு,
வேண்டாம் வேண்டாம் என்று கத்தியதுபோல.
இவர்களுடையதில் கோடே இருக்காது.
கண் சொன்னால்தானே கால் பிரேக்குக்குப் போகும்.

செவ்வாய்க்கிழமை, சாம்பல் நிற ரெனோ.
கம்பளி ஏற்றி நின்ற லாரியின் பின்புறத்தில்
பாதிவரை நுழைந்திருந்தது.
பொதிகள் வெடித்து
முள்கம்பி நெடுகக் கம்பளி தொங்கியது,
ஜனவரி வெயிலில்.
எலியான் ப்ரிட்சார்ட், இருபத்தாறு வயது,
காற்றாலையில் மின்வேலை.
நான் போவதற்குள் அவனை எடுத்துப் போயிருந்தார்கள்.
ஆம்புலன்ஸ் எதிரே வந்தது,
அவசரமில்லாமல், சைரன் போடாமல்.

லாரிக்காரர் நசாரியோ தரையில் உட்கார்ந்திருந்தார்.
பஞ்சரான டயர் பக்கத்தில் கிடந்தது.
"முக்கோணம் வைத்திருந்தேன்" என்றார்.
என்னிடம் சொன்னார், போலீஸிடம் சொன்னார்,
டயரிடமும் சொன்னார்.
"முக்கோணம் வைத்திருந்தேன், அம்மா."

போனில் ஒரு கீறல்கூட இல்லை.
பிளாஸ்டிக் பைக்குள் போகும்போதும்
எரிந்துகொண்டிருந்தது.
யாரோ அனுப்பிய படம்: தொப்பி போட்ட நாய்.
அதன் கீழே, அனுப்பாமல்,
ஹா ஹா ஹ

கடைசி எழுத்துக்குக் கால் வரவில்லை.
அவன் சிரித்திருக்கவும் மாட்டான்.
நானும் அப்படித்தான் அடிப்பேன்,
முகத்தைக் கல்லாய் வைத்துக்கொண்டு.

"எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், இதை அடிக்க?"
கார்ப்பரல் இபரோலா தோளைக் குலுக்கினார்.
"ஐந்து நொடி?"
நூற்றுப்பத்தில் ஐந்து நொடி என்பது
இந்த வேலியில் பதினைந்து கம்பம்.
பின்னோக்கி நடந்து பார்த்தேன்.
எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது.
நாலாவது கம்பத்தில் திரும்பினேன், லாரி தெரிந்தது.
ஒன்பதாவதில் தெரிந்தது.
பதினைந்தாவதில் நின்றால்
அந்த முக்கோணம்கூட
நகத்தளவு சிவப்பாய்த் தெரிந்தது.

ரெனோவைக் கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.
கம்பளி இழை ஒன்று வைப்பரில் சிக்கி
வழியெல்லாம் ஆடிக்கொண்டு வந்தது.
டாஷ்போர்டில் என் போன் அதிர்ந்தது.
அன்செல்மோதான்.
என்ன கேட்பான் என்று தெரியும்,
சூப்பைச் சூடாக்கவா என்பான்.
தெரிந்த கேள்விதான், அவசரமில்லாத கேள்விதான்.

நிமிர்ந்தபோது
பெட்ரோல் நிலையத்தின் மஞ்சள் பலகை
கண்ணாடியில் பின்னால் போய்க்கொண்டிருந்தது.
அது முன்னால் வந்ததை நான் பார்க்கவேயில்லை.
போன் கையில் இருந்தது.
சூடா வரை அடித்திருந்தேன்.

சரளையில் ஒதுக்கி நிறுத்தினேன்.
முக்கோணத்தை எடுத்துக்கொண்டு
வந்த வழியே நடந்தேன்.
காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது.
எவ்வளவு தூரத்தில் வைத்தால் போதும் என்று தெரியாமல்
கம்பம் கம்பமாக
நடந்துகொண்டே இருந்தேன்.