காரணம்: குடும்பச் சூழல்

நாரின் ஆற்றுக்கு மேலே எங்கள் பள்ளி.
ஒன்பது வகுப்பறை, ஒரு நிலக்கரி அடுப்பு.
மூன்று குளிர்காலத்தில் ஆறு ஆசிரியர்கள் போனார்கள்.
ஆறு விலகல் கடிதத்திலும்
காரணம் என்ற இடத்தில்
குடும்பச் சூழல்.

நம்பினேன்.
துளையிட்டுக் கோப்பில் கோத்தேன்.
மேலிடம் கேட்டபோது
சம்பளம் போதவில்லை என்று எழுதினேன்,
பனி என்றேன், பிஷ்கெக் இழுக்கிறது என்றேன்.
பொய்யில்லை.
சம்பளம் போதாதுதான். பனியும் இடுப்பளவு.

ஏழாவது புருல்கானுடையது.
இயற்பியல், பதினோரு வருடம்.
காரணத்தின் இடம் வெற்றாக இருந்தது.
நிரப்பித் தரச்சொல்லித் திருப்பி அனுப்பினேன்.
நிரப்பினாள், பென்சிலில்.

அக்டோபரில் என் பாடத்தைப் பார்க்க வந்தீர்கள்.
உருளைக்கிழங்கில் கம்பி செருகி
விளக்கு எரிந்தபோது
பிள்ளைகள் பெஞ்சில் ஏறி நின்று கத்தினார்கள்.
நீங்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள்.
போகும்போது தாளைத் தந்தீர்கள்:
கரும்பலகையில் தேதி இல்லை. வகுப்பில் இரைச்சல்.

அந்தத் தாளின் நகலைத் தேடி எடுத்தேன்.
என் கையெழுத்துதான்.
தேதி இல்லை, அது சரி.
இரைச்சல், அதுவும் சரி.
விளக்கு?
எவ்வளவு யோசித்தும்
என் நினைவில் அது எரியவில்லை.

பிறகு அந்த ஆறு கடிதங்களையும் பிரித்தேன்.
யாருக்கும் முகம் கொடுத்துப் பேசாதவளின்
முகம் கோணக்கூடாதென்று
ஆறு பேர் தேடிப்பிடித்த சொல்லா அது?
குல்சினாவுக்குக் குடும்பமே கிடையாதே.

மறுநாள் தாளும் பேனாவும் இல்லாமல் போனேன்.
கதவில் என்னைப் பார்த்ததும்
புருல்கான் முதல் வேலையாகத் திரும்பித்
தேதியை எழுதினாள்.
இருபத்தெட்டுப் பிள்ளைகள்
மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.
நான் கேட்ட அமைதி.
கேட்டபடியே கிடைத்திருந்தது.

"அந்த விளக்கை
இன்னொரு தடவை எரியவைக்க முடியுமா?"
என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலிருந்தது.

ஒருவரும் அசையவில்லை.
கடைசி பெஞ்சிலிருந்து பெக்சுல்தான்:
"அந்தக் கிழங்கை மாடு தின்னுடுச்சு, எஜே."

யாரோ சிரித்தார்கள். புருல்கான் இல்லை.
சாக்பீஸைக் கீழே வைக்காமல் நின்றாள்.

கடிதத்தில் நான் கையெழுத்திட
வெள்ளிக்கிழமைவரை நேரம்.
அவள் போகலாம்.
போக எல்லாக் காரணமும் பென்சிலில் இருக்கிறது;
ரப்பர் என்னிடம் இல்லை.

இன்று புதன்.
சந்தையில் கிழங்கு விற்பவள்
எத்தனை கிலோ என்கிறாள்.
நாலே நாலு போதும் என்றால்
வினோதமாகப் பார்க்கிறாள்.