துகள் எண் 3318

ஈப்போ சாலை, பதினோராம் மாடி.
ஏர்கோனுக்கு நேர் கீழே என் மேசை.
வெள்ளக் காப்பீட்டுக்கு முப்பது வினாடி விளம்பரம்:
மஸ்ஜித் இந்தியா சாலையில் பழுப்பு நீர் இறங்கி வர
அதன்மேல் ஆறாயிரம் செருப்புகள் மிதக்க வேண்டும்.

ஆறாயிரத்தையும் யார் கையால் வைப்பது?
முதலில் துகள்களைப் பெய்யவிட்டேன்.
துகளுக்கு உருவம் கிடையாது.
இருக்கும் இடம் உண்டு, போகும் வேகம் உண்டு,
வாழ இன்னும் எத்தனை பிரேம் என்ற கணக்கு உண்டு.
பிறகு நாற்பத்திரண்டு வரியில் ஒரு ஸ்கிரிப்ட்:
ஒவ்வொரு துகளையும் கேள், எங்கே இருக்கிறாய் என்று.
சொன்ன இடத்தில் ஒரு செருப்பை வை.
போகும் திசைக்கு அதன் மூக்கைத் திருப்பு.
அடுத்த பிரேமில் மறுபடியும் கேள்.

நூற்றுப் பன்னிரண்டாம் பிரேமில்
இடது செருப்பு வலதாயிற்று.
பச்சை சிவப்பாயிற்று.
குதிகால் உயர்ந்த ஒன்று
கண்ணெதிரே குழந்தைச் செருப்பாகச் சுருங்கிற்று.
"பேய் புகுந்திருக்கு, ரோகிணி" என்றான் வெங் கியோங்,
நாசி லெமாக் இலையை மடித்தபடி.

பேய் இல்லை, நான்தான்.
சாக்கடை மூடியில் மோதி ஒரு துகள் செத்திருக்கிறது.
பின்னால் நின்ற அத்தனை பேரும்
ஓரிடம் முன்னே நகர்ந்து
முன்னிருந்தவரின் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள்.
வரிசையில் நீ எத்தனையாவது என்று கேட்டிருந்தேன்.
கேட்டிருக்க வேண்டியது,
பிறந்தபோது உனக்குத் தந்த எண் என்ன என்று.
அந்த எண்ணை வேறு யாருக்கும் மறுபடி தருவதில்லை.
ஒரே சொல்லை மாற்றினேன். இரவு மணி இரண்டரை.
செருப்புகள் தத்தம் காலை நினைவில் வைத்துக்கொண்டன.

மாதிரிகள் பதினாறு.
சூராவ் வாசலில் கேட்டு வாங்கிப் படமெடுத்தவை ஐந்து.
நடியாவின் ஜிம் செருப்பு, காவலாளி அண்ணனின் பிய்ந்த வார்,
இப்படியே பதினைந்து.
பதினாறாவது என் வீட்டில் இருந்தது, ஆனால் எங்களுடையது இல்லை.
செகாம்புட்டில் தண்ணீர் இடுப்புவரை ஏறிய இரவு
எங்கிருந்தோ உள்ளே வந்திருக்கிறது.
வடிந்தபின் குளிர்பெட்டிக்கு அடியில் கிடைத்தது:
நீல வார், வெள்ளை அடி, இடது கால்.
ஆறேழு வயதுக் கால்.
எங்கள் லோரோங்கில் அந்த அளவில் பிள்ளைகளே இல்லை.
மூன்று வாரம் கேட்டில் மாட்டி வைத்தோம்.
யாரும் வரவில்லை.
எறிந்துவிடவும் கை வரவில்லை.

வெள்ளி மாலை வாடிக்கையாளர்கள் வந்தார்கள்,
நான்கு பேர், கழுத்தில் ஒரே மாதிரி அட்டை.
பார்த்தார்கள். இன்னொரு முறை போடச் சொன்னார்கள்.
"நல்லா இருக்கு. ஆனா
ஆளுங்க எங்கேன்னு தோணுதே.
மஞ்சக் குடையா மாத்த முடியுமா?"

முடியும். அதுதான் இதன் வசதியே.
செருப்பு என்று இருந்த இடத்தில் குடை என்று அடித்தேன்.
அதே இடம், அதே வேகம், அதே சாவு.
ஆறாயிரம் மஞ்சள் குடைகள்
கல்யாணத்துக்குப் போவதுபோல் சாலையில் இறங்கின.
நால்வரும் கைதட்டினார்கள்.

ரெண்டருக்கு அனுப்புமுன்
நாற்பத்து மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தேன்:
எண் 3318 என்றால், பழையதையே வை.

நூற்றுத் தொண்ணூறிலிருந்து இருநூற்று நான்கு வரை.
வலது ஓரம், ஜவுளிக்கடைப் படிக்கட்டுப் பக்கம்.
அரை வினாடிக்குச் சற்றே அதிகம்.

விளம்பரம் இப்போது ரயிலுக்குள் ஓடுகிறது, சத்தமில்லாமல்.
நின்றுகொண்டு பார்க்கிறேன்.
பெரும்பாலும் அதற்குள் மஸ்ஜித் ஜாமேக் வந்துவிடும்,
கதவு திறக்கும்,
எல்லாரும் முன்னே நகர்வார்கள்.