மூன்றாம் சாட்சி

ஓடம் என்று அர்த்தம், வூச் என்ற எங்கள் ஊர்ப் பெயருக்கு.
ஆறுதான் கண்ணில் படாது;
இருந்தவற்றையும் ஆலைகளுக்காகக்
குழாயில் இறக்கி மூடிவிட்டார்கள்.
பிப்ரவரிச் சேற்றைப் பூட்ஸிலிருந்து தட்டிவிட்டு
தொழிலாளர் நீதிமன்றப் படியேறுகிறேன்.
சம்மனில் பெயர் தெக்லா வ்ரோனா.
மூன்றாம் சாட்சி.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் கூடத்தில்
இஸ்திரி உருளைக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் வியோலெத்தா.
ஒரு விரிப்புக்கு நான்கு முனை,
ஆளுக்கு இரண்டாக ஆறு வருடம்.

கண்காணிப்பாளன் கூரெக்
அவள் கழிப்பறைக்குப் போனால் கடிகாரம் பார்ப்பான்.
திரும்பியதும் நிமிடங்களை
கூடம் முழுக்கக் கேட்க அறிவிப்பான்.
அவள் நடைக்கு ‘வாத்து’ என்று பெயர் வைத்தான்.
மடித்து அடுக்கிய நூறு தலையணை உறையைக்
காலால் சரித்துவிட்டு
‘மறுபடி’ என்பான், கத்தாமல்.

தொடர்ந்து நடந்திருக்க வேண்டும்,
நீண்ட நாள் நடந்திருக்க வேண்டும்,
சட்டம் அப்படித்தான் கேட்கிறது என்றார் வக்கீல்.
நீண்ட என்றால் எவ்வளவு?
அதைச் சட்டம் சொல்லவில்லை.
வியோலெத்தா சொல்லி வைத்திருந்தாள்
சலவைச் சீட்டுகளின் முதுகில்:
தேதி, மணி, அவன் சொன்ன சொல், பக்கத்தில் யார்.
துணிக்குக் குறியிடும் அழியா மையில்
நானூற்றுப் பதினேழு மஞ்சள் சீட்டு.
பாதிக்கு மேல், ‘பக்கத்தில்: தெக்லா’.

சாட்சி சொன்னவளை வேலையை விட்டுத் துரத்தக் கூடாதாம்,
அதற்கும் ஒரு பிரிவு உண்டாம்.
உண்டு, இருக்கட்டும்.
பிரிவு வந்து என் வீட்டு வாடகை கட்டுமா?
நேற்றிரவு வரை என் கணக்கு இதுதான்.

நீதிபதிக்கு என் மகள் வயது. ஜலதோஷம் வேறு.
மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:
‘அவர் கேலி செய்தபோது மற்றவர்கள்?’
கூரெக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.
பழக்கம்.

உருளையின் அனல் முகத்தில் அடித்தது.
இங்கே ஏது உருளை.
‘சிரித்தார்கள்’ என்றேன்.
பிறகு, ‘சிரித்தோம்.’

தட்டச்சுச் சத்தம் நின்றது.

‘எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, நானும்.
கிறிஸ்துமஸுக்கு முந்தின வியாழன்
வாத்து மாதிரி நடந்தே காட்டினேன்.
அவன் கைதட்டினான்.’

வக்கீல் பதறி அந்த வியாழனின் சீட்டைத் தேடினார்.
தேதி இருந்தது. மணி இருந்தது.
‘பக்கத்தில்’ என்ற சொல்லுக்கு எதிரே
எதுவும் இல்லை.

தீர்ப்பு அடுத்த மாதமாம்.
டிராமுக்காக நின்றோம் இருவரும்,
நடுவில்
ஒரு விரிப்பின் நீளம் விட்டு.