மான் தின்ற பட்டியல்

குளியலறைக் கதவின் கீழ்ப் பிணைச்சல்
செவ்வாய்க்கிழமை கழன்று விழுந்தது.
கையில் எடுத்தேன்,
தேத்தண்ணியில் நனைந்த பிஸ்கட்டைப்போல் உதிர்ந்தது.
உப்புவெளிக் காற்றுக்கு
எப்போதும் இரும்புப் பசி.

வாடகை வீடு. மூன்று பெண்கள்.
நான்கு நாள்
கதவுக்கு வாளியை முட்டுக் கொடுத்து
உரக்கப் பாடியபடி குளித்தோம்,
உள்ளே ஆள் உண்டென்று
வெளியே தெரியவேண்டுமே.
றிஸ்லாவுக்கு ஒரு பாட்டின் முதலடி மட்டும்தான் தெரியும்.

வீட்டுக்காரர் டொரன்டோவில்,
அங்கே எப்போது அழைத்தாலும் இரவு.
தச்சு பாஸ் "நாளைக்கு வாறன்" என்கிறார்,
அவருடைய நாளை
எங்கள் கலண்டரில் அச்சாகவில்லை.

அந்தக் கலண்டரிலேயே சனிக்கிழமையைக் கிழித்து
அதன் முதுகில் எழுதினேன்:
பிணைச்சல் இரண்டு,
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, மூன்றா?
ஒன்றரை இஞ்சி ஸ்குரூ, துருப்பிடிக்காதது.
திருப்புளி, நட்சத்திர வாய்.
வோல் பிளக் ஒரு பக்கெட்,
எதற்கும் இருக்கட்டும்.
எழுதி முடித்ததும்
பாதிக் கதவு பூட்டிவிட்டதுபோல் இருந்தது.

பஸ் நிலையத்தடியில் ஸ்கூட்டியை நிறுத்தி
ஒரு பிளேன்டீ.
திரும்பிப் பார்க்கிறேன்,
லஞ்ச் சீற்றுக்கும் வாழைப்பழத் தோலுக்கும் பழகிய
புள்ளிமான் ஒன்று
முன்கூடைக்குள் தலையை விட்டு
என் பட்டியலை மென்றுகொண்டிருக்கிறது.
பிணைச்சலை விழுங்கியது,
திருப்புளியை விழுங்கியது,
வோல் பிளக்கில் கொஞ்சம் நின்று
என்னைப் பார்த்தது.
பிறகு அதையும்.

ஹாட்வெயார் கடையில்
குணநாயகம் அண்ணன் கேட்டார்:
"பாஸ் ஆரு?"
"நான்தான்."
என் செருப்பைப் பார்த்தார்.
"துண்டு எங்க?"
"மான் தின்டுட்டுது."
அதற்கு அவர் ஆச்சரியப்படவில்லை.
இந்த ஊரில் அது ஒரு காரணம்.

பெயர்கள் மறந்துபோக
கைகளால் வாங்கத் தொடங்கினேன்.
இரண்டு உள்ளங்கைகளை ஒட்டி
விரித்து மூடினேன், பிணைச்சல் வந்தது.
"கதவு என்ன உயரம்?"
என் தலைக்கு மேல் ஒரு சாண் காட்டினேன்.
"அப்ப மூண்டு போடுங்கோ."
"ஓட்டைக்குள்ள போய் விரியுமே, அது."
"நிலை மரமா, சீமெந்தா?"
"மரம்."
"அப்ப அது ஏன்?"
மான் எங்கே நிறுத்தி யோசித்தது என்று
அப்போதுதான் விளங்கியது.

பித்தளை விலை கேட்டபோது
துருவை மன்னித்துவிடலாமா என்றிருந்தது.
ஸ்டெயின்லெஸ் எடுத்தேன், சம்பளத்துக்கு
இன்னும் ஒன்பது நாள்.

"தனியாவோ கழட்டுவீங்க?"
பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்
பலகை வெட்டிய மிச்சத்தில்
இரண்டு ஆப்புக் கட்டைகள் கொண்டுவந்தார்.
"கதவுக்குக் கீழ சொருகுங்கோ.
பாரத்தை அது பிடிக்கும், நீங்க ஆணியைப் பாருங்கோ."
பில்லில் அவை இல்லை.
என் பட்டியலிலும் இருந்ததில்லை.

ஞாயிறு,
டிலுக்சினி டோர்ச் பிடிக்க
றிஸ்லா ஆப்பைக் காலால் தட்டித் தட்டி உயர்த்த
பழைய துளைகளில் ஆணி பிடிக்காமல் சுற்ற
தீக்குச்சி ஒடித்து உள்ளே திணித்து
மறுபடி முறுக்கினேன்.
பிடித்தது.
அந்தப் பிடிப்பு
மணிக்கட்டில் ஏறித் தோள்வரை வந்தது.

கதவு பூட்டுகிறது,
அடியில் கொஞ்சம் உரசுகிறது.
உப்புத்தாள் வாங்க மறந்துவிட்டேன்.
திங்கள் தாளின் முதுகில் அதை எழுதி
காற்சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன்,
மான் எட்டாத இடத்தில்.

உள்ளே தண்ணீர் விழும் சத்தம்.
தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு
றிஸ்லா இன்னும் பாடுகிறாள்,
அதே முதலடியை.